கோல் அடித்தவர் யார்? – இரண்டு பயிற்சியாளர்களின் கணக்கு
(வடமாலபேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிரிக்கெட்டைப் பற்றிப் பேச ஆள் பஞ்சமில்லை. இந்தியக் கால்பந்து அணியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு வெளிநாட்டுப் பயிற்சியாளர்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், லண்டன்காரர். 2002 முதல் 2005 வரை ஒருமுறையும், 2015 தொடக்கம் முதல் 2019 ஜனவரி வரை மறுமுறையும் நம் அணியை நடத்தினார். இன்னொருவர் இகோர் ஸ்டிமாக், குரோஷியாக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். 2019 மே மாதம் வந்தார், 2024 ஜூன் 17 அன்று நீக்கப்பட்டார். ஒருவர் எழுந்த நாற்காலியில் மற்றவர் உட்கார்ந்தார். இருவரில் யார் மேல் என்று டீக்கடையில் கேட்டால் சண்டை நிச்சயம். அந்தச் சண்டையை ஒழுங்காகப் போடலாம் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் கான்ஸ்டன்டைன். 2015-ல் அவர் பொறுப்பேற்ற சமயம் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 171-ல் இருந்தது. மார்ச்சில் 173-க்கு இறங்கியது. 2017 ஜூலையில் 96. இருபத்தோரு வருடங்களில் நாம் தொட்ட மிக நல்ல இடம் அது. இரண்டே கால் வருடத்தில் எழுபத்தேழு படி ஏற்றம். அவரை ஆதரிப்பவர்கள் இந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

நான் முடிக்க மாட்டேன். அந்த எண் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 2018 வரை இருந்த முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்குப் பூஜ்யம். அதை ஆட்டத்தின் முக்கியத்துவத்தால் பெருக்குவார்கள். நட்பு ஆட்டம் என்றால் 1, தகுதிச் சுற்று என்றால் 2.5. பிறகு எதிரணியின் பலத்தால் பெருக்குவார்கள். எவ்வளவு கடைசியில் கிடக்கும் அணியாக இருந்தாலும் பலம் 0.5-க்குக் கீழே போகாது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, ஆடிய ஆட்டங்களால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். ஒரு பெரிய அணியோடு நட்பு ஆட்டம் ஆடித் தோற்றால் பூஜ்யம், சராசரி இறங்கும். லாவோஸை ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வென்றால் 2.5-ஆல் பெருக்கம், சராசரி ஏறும். 2016 ஜூனில் லாவோஸை அங்கே 1-0 என்றும் இங்கே 6-1 என்றும் வென்றோம். 2017-ல் மியான்மரையும் கிர்கிஸ்தானையும் தகுதிச் சுற்றில் வென்றோம். கணக்குத் தெரிந்தவர் நட்பு ஆட்டங்களையும் பார்த்துத் தேர்ந்துகொண்டார். அது குற்றமில்லை. கையில் இருந்த அணிக்கு முதலில் வேண்டியது வெற்றிப் பழக்கம். மியான்மரில் போய் வென்றது 64 வருடங்களுக்குப் பிறகு நடந்த காரியம். ஆனால் 96 என்பது ஆசியாவின் பெரிய அணிகளை மோதிச் சாய்த்துப் பெற்ற இடமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

பெரிய அணிகளோடு மோதியபோது என்ன நடந்தது? 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரான், ஓமன், துர்க்மெனிஸ்தான், குவாம் இருந்த பிரிவு. எட்டு ஆட்டங்களில் ஏழு தோல்வி. குவாம் என்ற சின்னத் தீவிடம் அங்கே போய் 1-2 என்று தோற்றோம். பெங்களூரில் அவர்களை 1-0 என்று வென்றது மட்டும்தான் மிச்சம்.

இப்போது ஸ்டிமாக். 53 ஆட்டங்கள், 19 வெற்றி, 14 டிரா, 20 தோல்வி. பட்டங்கள் நான்கு. 2021-ல் மாலத்தீவில் தெற்காசியாவின் சாஃப் கோப்பை. 2023-ல் இம்பாலில் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் மறுபடி சாஃப் கோப்பை. அந்த ஆண்டு நமக்கு ஒரு திருவிழா மாதிரி இருந்தது. பெங்களூர் ஸ்ரீகண்டீரவா மைதானத்தில் குவைத்தை பெனால்டியில் 5-4 என்று வென்ற இரவில் கூட்டம் பாடிய பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை மட்டும் பார்த்தால் ஸ்டிமாக் முன்னால் நிற்கிறார். 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில் கத்தாரோடு 0-0. அவர்கள் அப்போது ஆசியச் சாம்பியன். நம் பக்கம் அணித்தலைவர் சுனில் சேத்ரி காய்ச்சலால் ஆடவில்லை. கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் அன்று தடுத்த பந்துகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அந்தச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றி, நான்கு டிரா, மூன்று தோல்வி. ஏழு புள்ளி. கான்ஸ்டன்டைன் தன் சுற்றின் எட்டு ஆட்டங்களில் எடுத்தது மூன்று.

அவ்வளவு ஆடிய அணியால் அதே சுற்றில் கொல்கத்தாவில் பங்களாதேஷை வெல்ல முடியவில்லை. 88-ஆவது நிமிடத்தில் அடில் கான் தலையால் அடித்த கோல்தான் 1-1 என்று காப்பாற்றியது. ஆப்கானிஸ்தானோடு இரண்டு முறையும் 1-1. பலசாலியிடம் நின்று காட்டினோம், சமமானவனிடம் தடுமாறினோம். கான்ஸ்டன்டைனின் அணிக்கு இது தலைகீழ். இந்த ஒரு வித்தியாசத்திலேயே இருவரின் சுபாவமும் தெரிகிறது என்று நினைக்கிறேன். கான்ஸ்டன்டைன் பந்தை நீளமாக அனுப்பி, ஓடிப் பிடித்து, முரட்டுத்தனமாகத் தடுத்து ஆடுவதில் நம்பிக்கை உள்ளவர். தன்னைவிடச் சிறியவனிடம் அது பலிக்கும். ஸ்டிமாக் பந்தைக் காலடியில் வைத்து, பாஸ் கொடுத்து ஆடச் சொன்னார். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் கோல் வாசலுக்கு முன்னால் போய் நின்றதும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆசியக் கோப்பைக்கு வருவோம். நான் இருவரையும் எடை போடுவது இங்கேதான். 2019 ஜனவரி 6, அபுதாபி. தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். சேத்ரி இரண்டு, அனிருத் தாப்பா ஒன்று, ஜெஜே ஒன்று. தாய்லாந்து மறுநாளே தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டது. அடுத்து அமீரகத்திடம் 0-2. கடைசி ஆட்டம் ஷார்ஜாவில் பஹ்ரைனோடு. டிரா போதும், பிரிவில் இரண்டாம் இடத்தில் அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரத்தில், அன்று தலைவராக ஆடிய ப்ரணய் ஹால்தரின் கால் எதிராளி மேல் பட்டது, பெனால்டி, கோல், தோல்வி. அந்த இரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். ஒரு பயிற்சியாளரின் நான்கு வருட வரலாறு ஒரு நிமிடத்தில் வேறாகிவிட்டது. அந்தக் கால் அரை அடி தள்ளி விழுந்திருந்தால் இன்று அவரை வேறு மாதிரி பேசியிருப்போம். அதற்காக அந்தப் பையனை வைத அளவுக்கு வேறு யாரையும் நாம் வைததில்லை. எனக்கு அது வருத்தம்.

அடுத்த ஆசியக் கோப்பை 2024 ஜனவரியில் கத்தாரில். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், பூஜ்யம் புள்ளி, பூஜ்யம் கோல். ஸ்டிமாக் பக்கம் நியாயம் உண்டு. எதிரணிகள் 2019-ஐவிட வலுவானவை. நம் கிளப்புகள் மோதும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டங்கள் டிசம்பர் கடைசி வரை நடந்தன, ஜனவரி 13-ல் முதல் ஆட்டம். அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூவரும் காயத்தால் வரவில்லை.   ஆக, ஆள் குறைவு, நாள் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். 270 நிமிடத்தில் ஒரு கோல்கூட இல்லை என்பதற்கு அது போதிய பதிலாகுமா?

அதற்குப் பிறகு வந்தது இன்னும் கசப்பு. ஆசியக் கோப்பைக்கு முன்பே, 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் குவைத்துக்குப் போய் 1-0 என்று வென்றிருந்தோம். மன்வீர் சிங் அடித்தார். மூன்றாம் சுற்றுக்கு நம் வரலாற்றில் முதல்முறையாகப் போகலாம் என்று கனவு கண்டோம். பிறகு 2024 மார்ச் 26 அன்று கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. சேத்ரியின் 150-ஆவது ஆட்டம், அவர்தான் கோலும் அடித்தார், தோற்றோம். ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் சேத்ரி விடைபெற்ற ஆட்டம், குவைத்தோடு 0-0. ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரிடம் 1-2. அதில் கத்தார் அடித்த முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதை உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. ஆத்திரம் நியாயமானதுதான். ஆனாலும் ஆறு ஆட்டங்களில் நாம் அடித்த கோல் மொத்தம் மூன்று. நடுவர் மேல் எவ்வளவு பழி போட்டாலும் அந்த மூன்று நான்காகாது. ஸ்டிமாக் வரும்போது 101-ல் இருந்த இந்தியா, அவர் போகும்போது 121.

இப்போது, இருவரின் பட்டியலையும் வைத்துக்கொண்டு, வெற்றி தோல்விப் பத்திக்கு அடுத்த பத்தியைப் பாருங்கள். கோல் அடித்தவர் பெயர் இருக்கும் பத்தி. யாரும் அதைப் பயிற்சியாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

கான்ஸ்டன்டைன் 2018-ல் மும்பையில் வென்ற இன்டர்கான்டினென்டல் கோப்பை. நான்கு ஆட்டங்களில் இந்தியா அடித்தது 11 கோல். அதில் சேத்ரி மட்டும் 8. ஸ்டிமாக் 2021-ல் வென்ற சாஃப் கோப்பை. இந்தியா அடித்தது 8, சேத்ரி 5. ஸ்டிமாக் 2023-ல் வென்ற சாஃப் கோப்பை. இந்தியா அடித்தது 8, சேத்ரி 5. அதே எட்டு, அதே ஐந்து! ஒருவர் லண்டன், ஒருவர் குரோஷியா. ஒருவர் நீளப் பந்து, ஒருவர் குட்டைப் பாஸ். இருவருக்கும் கோல் அடித்துக் கொடுத்தவர் செகந்தராபாத்தில் பிறந்த ஒரே ஆள். நாம் இரண்டு பயிற்சியாளர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, பாதி நேரம் சேத்ரியின் 33 வயதையும் 38 வயதையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த அளவுகோலை இருவர் மேல் மட்டும் வைத்தால் அநியாயம். நம் பெரியவர் மேலும் வைத்துப் பார்க்கிறேன். சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் 1909-ல் பிறந்த பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வெல்ல வைத்தவர். 1951-ல் டெல்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

1956-ல் அவர் அணி அடித்த கோல்கள் ஐந்து. அதில் நான்கு நெவில் டிசோசா அடித்தது, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஹாட்ரிக் உட்பட. மீதி ஒன்று கிட்டு என்ற கிருஷ்ணசுவாமி. ஆக ரஹீமும் ஒரு காலத்தில் ஒற்றை ஆளை நம்பித்தான் இருந்தார். 1962-க்கு வாருங்கள். ஜகார்த்தாவில் ஐந்து ஆட்டங்கள், இந்தியா அடித்த கோல் 11. கான்ஸ்டன்டைனின் மும்பைத் தொடரிலும் 11 என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தப் பதினொன்றை அடித்தவர்கள் பி.கே. பானர்ஜி 4, சுனி கோஸ்வாமி 3, பலராம் 2, ஜர்னைல் சிங் 2. நான்கு பேர். அதில் ஜர்னைல் தடுப்பாட்டக்காரர்! தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். அந்தத் தலையோடு பின்னால் நின்று பந்தை முட்டித் தடுக்க வேண்டாம், முன்னால் போ என்று ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியாட்டத்தில் ஒரு கோல். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, செப்டம்பர் 4 அன்று அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றது. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூன் 11 அன்று காலமானார்.

ஆறு வருடத்தில் ஒரு கோல்காரரிலிருந்து நான்கு கோல்காரருக்கு எப்படி வந்தார்? ரஹீம் வெறும் தேசியப் பயிற்சியாளர் இல்லை. ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரும் அவரே. ஆளைப் பொறுக்கியவரும் அவர், ஆளை வளர்த்தவரும் அவர். ஹைதராபாத்தில் அவர் நடத்திய சில போட்டிகளின் விதி விநோதமானது. பழக்கமில்லாத காலால் மட்டும்தான் பந்தை உதைக்கலாம் என்று ஒரு போட்டி. வலதுகாலன் இடதுகாலால் ஆடித் தீர வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்றி ஓடக் கூடாது, வந்த வேகத்தில் பாஸ் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. பதினைந்து வயதில் இதை ஆடிய பையன் இருபத்தைந்து வயதில் கோல் வாசலுக்கு முன் எந்தக் காலில் பந்து விழுந்தாலும் யோசிக்க மாட்டான். ஸ்டிமாக்கின் பையன்கள் நின்று யோசித்தார்களே, அந்த இடம்!

துளசிதாஸ் பலராமைப் பற்றி இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் போனால் தப்பு. தமிழ் பேசிக்கொண்டு ஆந்திராவில் இருக்கும் நமக்கு அவர் ரொம்பச் சொந்தம். செகந்தராபாத் பக்கம் அம்முகுடா கிராமத்தில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936-ல் பிறந்தவர். வீட்டில் வறுமை. பழைய போலீஸ் பூட்ஸை வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கால்பந்து பூட்ஸாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடினார். ஹைதராபாத் வந்து பயிற்சி எடுக்கப் போக்குவரத்துக்குக் காசில்லை என்றபோது, வாடகை சைக்கிளுக்கு ரஹீம் காசு கொடுத்தார். ஒரு பயிற்சியாளரின் சாதனைப் பட்டியலில் அந்த சைக்கிள் வாடகைக்கு இடம் கிடையாது. ஆனால் ஜப்பானுக்கு எதிராக பலராம் அடித்த கோல் அங்கிருந்து வந்தது. 1962 இறுதியாட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான், மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் பேர் வாங்கியவர்.

ரஹீமைக் காட்டி இன்றைக்கு இருப்பவர்களைத் தலையில் குட்டுவது எனக்குச் சம்மதமில்லை. 1962-ல் ஜகார்த்தாவில் ஆடியது எட்டு அணிகள். இன்று ஆசியக் கோப்பையில் இருபத்து நான்கு. அன்றைக்கு எதிரே இல்லாத கத்தாரும் உஸ்பெகிஸ்தானும் இன்று நிற்கின்றன. அத்தோடு, கான்ஸ்டன்டைனுக்கோ ஸ்டிமாக்குக்கோ ஒரு பையனை வளர்க்கும் அதிகாரமே இல்லை. கிளப்புகள் ஆளைக் கொடுக்கும், இவர்கள் சில வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கிளப்புகளில் கோல் அடிக்கும் இடத்தில் யார் ஆடுகிறார்கள்? 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஓர் அணியில் ஒரே சமயம் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்க முடிந்தது. பிறகு ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. கிளப்பு ஜெயிக்க வேண்டும், அதனால் ஸ்பெயின்காரரையோ ஆஸ்திரேலியரையோ முன்வரிசையில் நிறுத்துகிறது. நம் பையன் ஓரத்தில் ஓடி அவருக்குப் பந்து தூக்கிப் போடுகிறான். வருடம் முழுக்க இன்னொருவருக்குக் கோல் தயார் செய்து கொடுத்தவனை, பத்து நாள் முகாமில் கூப்பிட்டு நீ அடி என்றால் எப்படி அடிப்பான்? சென்னைப் பையன் நந்தகுமார் சேகருக்கு 2023-ல் ஸ்டிமாக் இந்தியச் சட்டை போட்டுவிட்டார். நல்ல ஓட்டக்காரர், அவரும் ஓரத்து ஆட்டக்காரரே.

சரி, யார் மேல் என்று கேட்டு வந்தவர்களுக்கு என் பதில். கான்ஸ்டன்டைன். தகுதிச் சுற்றில் அவர் ஏழு தோற்றார் என்பது தெரிந்தே சொல்கிறேன். 173-ல் கிடந்த அணியைக் கையில் வாங்கி, சந்தேஷ் ஜிங்கன், உதாந்தா, தாப்பா என்று புதுப் பையன்களை உள்ளே கொண்டுவந்து, ஆசியக் கோப்பையில் மூன்று வெவ்வேறு ஆட்களைக் கோல் அடிக்க வைத்தார். ஸ்டிமாக் வாங்கும்போது அணி நின்றுகொண்டிருந்தது. ஐந்து வருடம் கையில் இருந்தது. சேத்ரிக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அந்த ஐந்து வருடத்தில் ஒரு பெயர்கூட வரவில்லை. அதற்கு அவர் மட்டும் காரணமில்லை, ஆனால் அவரும் காரணம். பேட்டிகளில் அமைப்பைக் குறை சொன்ன நேரத்தில் பாதியை ஒரு முன்வரிசைப் பையனுக்குச் செலவிட்டிருக்கலாம் என்பது என் குறை. அவர் ஆட்டமுறை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விளைவு என்னவென்று பாருங்கள். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ், ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில் மறுபடி அழைத்துவந்தார். மார்க்கெஸ் நடத்திய எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, மாலத்தீவோடு. பிறகு காலித் ஜமீல், வெகுநாளைக்குப் பிறகு ஓர் இந்தியர். 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கு நாம் தகுதி பெறாமல் போனோம். நாளைக்கு இன்னொரு பெயர் வரும், அவருக்கும் ஒரு பட்டியல் போடுவோம். போடும்போது கோல் அடித்தவர் பத்தியை விட்டுவிடாதீர்கள்.

பந்தோடு நேராக மைதானத்திலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். ஜூன் 11 ரஹீம் சாகேபின் நினைவு நாள், பள்ளி திறக்கும் சமயமும்கூட. அன்றைக்கு இந்த ஊரில் ஒரு போட்டி வைப்போம். ஏழு ஏழு பேராக, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள். பழக்கமில்லாத காலால் மட்டும் உதைக்க வேண்டும், நல்ல காலில் பட்டால் பந்து எதிரணிக்கு. புத்தூர், நகரி பையன்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், தமிழ், தெலுங்கு என்று பார்க்க வேண்டாம். பந்தும் விசிலும் என் பொறுப்பு. மைதானத்தில் கல் பொறுக்குவது உங்கள் பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்கு வாருங்கள்.